கொட்டிவாக்கம் மாடிக்கு மேலே ஒரு புகை

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், விண்ணின் விளிம்பில் வீசும் காற்றை அளக்கும் மாபெரும் பணி, சென்ற பிப்ரவரியில், சாந்தோமில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் தொடங்கியது. சிரிக்க வேண்டாம். இது நடந்தது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார்.

தொட்டி மேல் நின்றவன் ஜாக்சன், இயற்பியல் வாத்தியார். ஏற்பாடு எளிது. வடக்கே கிளம்பும் ராக்கெட் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரும் புகையைக் கக்கும். காற்று அதை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கோணம் பார்த்துச் சொன்னால், புகை எங்கே, எவ்வளவு உயரம் என்று கணினி சொல்லிவிடும். இன்னொரு இடம், கொட்டிவாக்கத்தில் மாமியார் வீட்டு மொட்டைமாடி. அங்கே அவன் மனைவி டெல்பின், தனியாக, காதில் போனோடு. இந்த இருவருக்கும், பணியை நடத்தும் பேராசிரியர் சுரேஷ்குமார் வைத்த பெயர் ‘சர்வதேசக் கண்காணிப்பு வலைப்பின்னல்’.

“கொசு பிடுங்குது. உங்க சர்வதேசத்துல ஒரு கொசுவத்தி கிடையாதா?”

“வாய மூடிக்கினு வானத்தைப் பாரு, தாயே.”

மாலை மணி 6.41. புகை தெரிந்தது. வெளிர்நீலம். ஆனால் வடக்கே இல்லை. தெற்கே, கொட்டிவாக்கம் பக்கம்...

“காத்து தள்ளியிருக்கும்” என்றான் ஜாக்சன். வாத்தியார்களிடம் எதற்கும் பதில் உண்டு.

அவள் கோணம் சொன்னாள். தன் கோணத்தோடு சேர்த்துக் கணினியில் தட்டினான். தொண்ணூற்றாறு கிலோமீட்டர். சரி. அடுத்த கோணத்துக்கு நாற்பது. கை தவறியிருக்கும். மறுபடி தட்டினான்.

ஒன்பது.

அந்த உயரத்துக் காற்றில் புகை நார் நாராகக் கிழிந்து போக வேண்டும். இது கிழியவில்லை.

இறங்கியது.

“டெல்பி, இப்போ?”

“நேரா தலைக்கு மேல கீது... இன்னா ஜாக்சா, இங்க காத்தே நின்னுடுச்சி?”

முந்நூறு மீட்டர்.

“கீழ ஓடு!”

“அது... மூச்சு விடுது...”

“ஓடுடீ!”

செருப்புச் சத்தம். கதவு. தாழ்ப்பாள்.

பிறகு போனில் ஊதும் சத்தம். நீளமாக... நிதானமாக...

“உள்ள வந்துட்டேன்” என்று அழுதாள் டெல்பின். “கதவைத் தள்ளுது, ஜாக்சா...”

அவன் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது டெல்பின் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மாடியில் யாரும் இல்லை. கொடியில் காய்ந்த துணிகள் மட்டும், அத்தனையும் கதவை நோக்கிப் பறந்தபடி நின்றன.

ஒரு பொட்டுக் காற்று இல்லை.

மறுநாள் பேராசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினான்.

“என்ன சார், நேத்து மத்தியானமே குரூப்ல போட்டேனே... பாக்கலையா?”

அவர் தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூக்கள் தாங்காமல், ஜாக்சன் அந்தக் குரூப்பைத் திறந்தே ஒரு மாதமாகியிருந்தது.

ராக்கெட் கிளம்பவே இல்லை.