பட்டியலில் ஒரு திருக்கை

சோனியா விலங்கியல் படித்தவர். காட்டுப்பள்ளிப் பக்கம் கடலோரத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடமாக ஒப்பந்த வேலை. எந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் இடத்தில் பெரிய இரும்பு வலை உண்டு. அதில் சிக்கும் உயிர்களை இனவாரியாகப் பதிவேட்டில் எழுதவேண்டும். பெரும்பாலும் நண்டும் நெத்திலியும்தான்.

போன ஆகஸ்டில் ஒரு காலை, குவியலை விலக்கியபோது முழங்கை வரை சுரீரென்று ஷாக் அடித்தது. மோட்டாரில் கசிவு என்று நினைத்துக் கத்தினார். சூப்பர்வைசர் துளசிராமன் ஓடிவந்து மெயினை அணைத்தார். சோனியா மறுபடி தொட்டார், அப்போதும் அடித்தது. சேற்று நிறத்தில், தோசைக்கல் அளவில் ஒரு திருக்கை. மின்சாரம் அதன் உடம்பிலிருந்துதான் வந்தது. ரப்பர் கையுறை மாட்டி, வாளியில் தூக்கிப்போய்க் கடலில் விட்டார். “மின் திருக்கை, ஒன்று, உயிருடன்” என்று எழுதினார்.

“இன்னா மேடம் இது? ஆடிட்டுக்கு வர்றவன் இத்தப் பாத்தா நோண்டுவான். ‘இதர மீன்’னு போட்டுட்டுப் போங்க” என்றார் துளசிராமன்.

“ஆறு வருஷத்துல இப்பதான் சார் மொத தடவ பாக்குறேன்.”

“ஒரு மீனுக்காகப் பேஜார் பண்ணாதீங்க.”

சோனியா திருத்தவில்லை. ஆனால் அன்று மாலை மேலே போன அறிக்கையில் அந்த வரி இல்லை. கீழே, பதிவு செய்தவர் என்று அவர் பெயர் மட்டும் இருந்தது.

அன்று வீட்டில், கணவர் அன்புவுக்குச் செல்போனில் ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த கவாய் ஓஓ என்ற பறவையின் பாட்டு. குழல் ஊதுவதுபோல் ஒரு குரல். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும்.

“நல்லாத்தானே பாடுது. எதுக்கு அழுவுற?”

“இந்தப் பறவ இப்போ ஒண்ணுகூட இல்ல. இல்லாமப் போனப்புறம் ஊரே கேட்டு உச்சு கொட்டுது. அந்தத் திருக்கை உயிரோட கீது. ஆனா பாடாது, அழகும் இல்ல, தொட்டா அடிக்கும். அது போச்சுன்னா யாருக்குத் தெரியும்? ஒரு வரி எழுதி வச்சேன். அதையும் எடுத்துட்டானுங்க, எம்பேரப் போட்டே.”

“வெளிய சொன்னா வேல பூடும்.”

“தெரியும்.”

அடுத்த திங்கட்கிழமை பதிவேட்டுப் பக்கத்தின் படத்தோடு திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார். ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். அடுத்த மாதமே ஒப்பந்தம் முடிந்ததென்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது கும்மிடிப்பூண்டியில் மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறார். மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. சென்ற வாரம் ரயிலில், அந்தத் தொழிற்சாலையில் இன்னும் வேலை பார்க்கும் பழைய தோழி கிறிஸ்டினாவைப் பார்த்தார்.

“இப்போ அங்க யாருடி எழுதுறா?”

“எழுதறதா? மொத்தமா எடை போட்டுக் குழியில தள்ளிடறாங்க. எதுனா துடிச்சாலும் யாரும் குனிஞ்சு பாக்குறதில்ல.”

பொன்னேரி வருவதற்குள் சோனியா செல்போனில் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத் தேடியெடுத்து, திருக்கை இருந்த வரியைப் பெரிதாக்கிக் கிறிஸ்டினாவிடம் நீட்டினார்.