டெல்மர் சொன்ன சாட்சி

ஏப்ரிகாட் தோட்டத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர்களுக்குப் பழத்தைப் பற்றி எல்லாம் தெரியும். டெல்மர் புரூயிட்டுக்கு அதற்கு மேலும் தெரியும். கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் கசப்புப் பருப்பைத் தின்றால் புற்றுநோய் கிட்டவே வராதாம். ஒரு நாளைக்குப் பதினெட்டு அவர் கணக்கு. ஒருநாள் கணக்குத் தவறி முப்பது தின்றுவிட்டு, தலை சுற்றி, டிராக்டரிலிருந்து இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மருந்து வேலை செய்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அதில் சயனைடு இருக்கிறது என்று எச்சரித்த மருந்துக்கடைப் பெண்ணை, பாவம், சம்பளத்துக்குப் பேசுகிறாள் என்று பெருந்தன்மையாக மன்னித்தார்.

கிட்டவே வராத அந்த நோய், மார்ச் மாதம் அவர் குடலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. மனைவி நாடின் கார்ச் சாவியோடு வாசலில் நின்றாள்.

"பருப்புக்குக் கொஞ்சம் டைம் கொடு, நாடின்."

"மூணு வருஷம் கொடுத்தாச்சு. வண்டில ஏறு."

ஏறினார். ஃபிரெஸ்னோ நகர ஆஸ்பத்திரியில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர் நான்கு மணி நேரம் நின்று, குடலில் ஒரு சாண் வெட்டியெடுத்துத் தைத்து அனுப்பினார். ஊருக்குச் சொன்னது வேறு. மருமகனைப் பார்க்க ரீனோ என்ற ஊருக்குப் போயிருந்தார்களாம்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்வது அவர்கள் சபையின் வழக்கம். யாராவது எழுந்து தனக்கு நடந்த நன்மையைச் சொல்வார்கள், மற்றவர்கள் ஆமென் போடுவார்கள். கேள்வி கேட்பது மரியாதை இல்லை. ஏப்ரலில் டெல்மர் எழுந்தார். வயிற்றில் வந்த கட்டி போய்விட்டது என்றார். அது பொய்யில்லை. ஆண்டவர் பழத்துக்குள்ளேயே மருந்தை வைத்திருக்கிறார் என்றார். ஃபிரெஸ்னோவில் ஒரு மருத்துவரையும் வைத்திருக்கிறார் என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார். சபை உருகிப்போனது. நாடின் தலை நிமிராமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் பழம் வெட்டி உலர்த்தும் வேலை தொடங்கியது. டெல்மர் தன் தங்கை ஓப்பலின் வீட்டுக்குப் போனபோது அவள் சமையலறை மேசையில் சுத்தியலால் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஜாம் பாட்டிலுக்கு ஒரு பருப்பு, வாசனைக்காகப் போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. இங்கே ஒரு கிண்ணம் நிறைய இருந்தது.

"இத்தனை பாட்டிலா போடப்போற?"

"ஜாமுக்கு இல்லண்ணே, எனக்கு. மார்ல கட்டின்னாங்க. ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தாங்க. வேணாம்னுட்டேன்."

"எப்ப?"

"ஏப்ரல்ல. நீ சாட்சி சொன்ன மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். உனக்குக் கேட்ட பருப்பு எனக்குக் கேக்காதா? ஒரே ரத்தம்தானே."

நாற்பது பேர் முன்னால் தடங்கலில்லாமல் பேசியவருக்கு ஒரு தங்கை முன்னால் வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சட்டையை மேலே தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு மேலிருந்து கீழே வரை தழும்பு ஓடியது.

ஓப்பல் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"இது எப்ப பண்ணது?"

"மார்ச்ல."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. மேசைமேல் கிடந்த போனை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"ஆஸ்பத்திரி நம்பர் அதுலதான் இருக்கு. ரெண்டு மாசம் ஏன் வரலன்னு கேப்பாங்க. நீயே சொல்லு."