எட்டாவது கேள்வி

சென்ற மார்ச்சு மாதம் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒன்பது செவிலியர் செய்ய வேண்டிய வேலையை மூவர் செய்துகொண்டிருந்தனர். மூவருள் ஒருத்தி என் இளைய மகள். இதுவே என் குறை. இனி எழுதுவதில் ஒரு சொல்லும் கற்பனையன்று. நம்பாதவர் நம்பாமலே போகட்டும்.

வீடு திரும்பிய படைவீரர்களைத் தொலைபேசியில் அழைத்து எட்டுக் கேள்விகள் கேட்பது அவர்கள் பணி. உறக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் வருகிறதா என்று தொடங்கி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதில் முடியும். நாளொன்றுக்கு நாற்பது பேர். அவர்களுள் ஒருவர் மனம்விட்டு அழத் தொடங்கினால் போதும், மற்றவர்கள் கதை கந்தல். படிவத்தில் கட்டம் காலியாக இருந்தால் கண்காணிப்பாளர் கத்துவார். ஆகவே, அழைக்க முடியாதவர் பெயருக்கு நேரே ‘நலம்’ என்று எழுத மூவரும் பழகிவிட்டனர். வெட்கக்கேடுதான். ஆனால், யாருடைய வெட்கக்கேடு?

கண்காணிப்பாளருக்குச் செவிலியர் இட்ட பட்டப்பெயர் ‘பலூன்’. கூடுதல் ஆள் கேட்டால் ‘மனமகிழ்ச்சி வாரம்’ கொண்டாடிப் பலூன் ஊதும் போட்டி வைத்த மேதை அவர். அப்போட்டியின் அறிவிப்பில் ஐந்து வரி, ஏழு பிழை. அன்று காலை என் மகள் அவர்முன் போய் நின்றிருக்கிறாள்.

“சார், ரெண்டு நாள் லீவு வேணும். முடியல சார்.”

“சண்டைக்குப் போனது அவங்க. களைப்பு உனக்காம்மா?” சிரித்தாராம். “மூச்சை நல்லா இழுத்து விடு, சரியாயிடும்.”

இந்த அறிவுரையைச் சொல்ல ஓர் அதிகாரி, அவருக்கொரு சுழல் நாற்காலி!

பிற்பகல் மூன்று மணி ஏழு நிமிடம். மற்ற இருவரும் வார்டுக்குப் போயிருந்தனர். மேசைத் தொலைபேசி அடித்தது. வெளியிலிருந்து வரும் அழைப்பு இரண்டிரண்டாக ஒலிக்கும். இதுவோ ஒரே நீண்ட ஒலி... கட்டடத்துக்குள்ளிருந்து வருவது. திரையில் எண் பதினாறு. உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவைத்த அறையின் எண்.

எடுத்தாள்.

“சிஸ்டர், நல்லாயிருக்கீங்களா?”

குரலை உடனே அடையாளம் கண்டாள். படை லாரி ஓட்டியவர். ஆறு மாதம் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றவர். வார்டுக்கே அவர் ‘டிரைவர் அண்ணன்’. இரண்டு நாள் முன்பு, பத்தாம் தேதியன்று, அழைக்காமலே ‘நலம்’ என்று அவள் எழுதிய பெயர்களுள் அவருடையதும் ஒன்று.

“அண்ணா... எங்கேர்ந்து பேசுறீங்க?”

“அதை விடுங்க. தூக்கம் எப்படி?”

“அது நான் கேக்க வேண்டியதுண்ணா.”

“நீங்க கேக்கலையே.”

குரலில் கோபம் இல்லை. படிவத்தின் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏனென்று தெரியாமலே அவளும் விடை சொன்னாள். தூக்கம் இல்லை. பசி இல்லை. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அவர் மூச்சுவிடும் ஓசை மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பின்னால் ஏதோ உருண்டுகொண்டிருந்தது. கிரீச்... கிரீச்...

மூன்று பதினாறு. எட்டாவது கேள்வி.

அவள் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கினாள்.

“சொல்லுங்க சிஸ்டர்.”

ரிசீவரை வைத்தாள்.

வைத்த பின்னும்...

“நான் காத்திருக்கேன்.”

கிரீச்...

இம்முறை கதவுக்கு வெளியே.

பின்கதவு வழியாக ஓடினாள். நான்கு இருபதுக்கு என் வீட்டு வாசலில் நின்றாள். “அப்பா, இன்னிக்கு இங்கயே படுத்துக்கவா?” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் விட்டுவந்த பையோடு வார்டு ஆயா வீட்டுக்கு வந்தார். “பையைப் போட்டுட்டு அப்படி என்ன ஓட்டம் பாப்பா?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “டிரைவர் அண்ணன் சம்சாரம் கடுதாசியைத் திருப்பி அனுப்பிடுச்சு.”

‘தாங்கள் நலமாக இருப்பதறிந்து மகிழ்கிறோம்’ என்று மருத்துவமனை அனுப்பிய கடிதம் அது. அதன் அடியில் அந்த அம்மாள் எழுதியிருந்தாராம்: ‘என் கணவர் இம்மாதம் இரண்டாம் தேதியே உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று மாதமாக ஓர் அழைப்பும் வரவில்லை.’

அதைக் கேட்ட பிறகுதான் என் மகள் நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே பையைத் திறந்தாள். உள்ளே மடித்த படிவம் ஒன்று. மேலே அவள் பெயர். கையெழுத்து அவளுடையதன்று. ஏழு விடைகளும் அவள் தொலைபேசியில் சொன்னவை, சொன்னபடியே. எட்டாவதற்கும் விடை இருந்தது.

‘உண்டு. இன்று மாலை.’

அவளைப் பார்த்தேன்.

“நான் யார்கிட்டயும் சொல்லலப்பா...” என்றாள். “யார்கிட்டயுமே...”

அவள் இப்போது வேறொரு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறாள், உறங்குகிறாள். படிவத்தைப் பார்த்த பலூன், ‘பணிச்சுமையால் வந்த பிரமை’ என்று கோப்பில் எழுதி மூடிவிட்டார். பணிச்சுமை என்று ஒன்று இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்ததுபோலும்!

வாசகரே, பிறர் துயரைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இப்போதே எழுந்து அவரிடம் போங்கள். நேராகக் கேளுங்கள். “ஒண்ணுமில்ல” என்றால் அவ்விடம் விட்டு நகராதீர்கள். செத்தவர் வந்து கேட்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.