மஞ்சள் தடவிய செக்

அந்தச் செக்கை ஸ்கேனர் ஏற்கவே இல்லை. எத்தனை தடவை உள்ளே விட்டாலும் வெளியே தள்ளியது. தில்லியில் ஒரு மின்சாரக் கம்பெனியின் பில் வசூல் பிரிவில், தபாலில் வரும் கவர்களைப் பிரித்துச் செக்கைப் பதிவு செய்வது என் வேலை. மேனேஜர் குப்தா சார் செக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கீழே மெஷின் படிக்கிற எண்களின் மேல் மஞ்சள் கறை.

“லதாஜி, யே க்யா ஹை? ஹல்தி! உங்க மதராஸி மேடம் சப்ஜி பண்ணிக்கிட்டே செக் எழுதுறாங்களா?”

பிரிவே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அது சமையல் கறை இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்போமே, அதுபோல நாலு மூலையிலும் விரலால் தொட்டு வைத்த மஞ்சள்.

அனுப்பியவர் பாக்கியம் அக்கா. ரிட்டயர்டு நர்ஸ், திருநெல்வேலிக்காரர், மோதி பாக் பக்கம் தனியாக இருந்தார். கவரில் எப்போதும் மஞ்சள் இருக்கும். செக்கில் வைத்தது அதுதான் முதல் முறை. செக் வந்ததும் நான் போன் செய்து, “கிடைச்சிட்டு அக்கா” என்று சொல்வேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று எந்த ரூலும் கிடையாது. பில் விஷயம் சட்டென்று முடிந்துவிடும், பிறகு ஊர்ப்பேச்சுதான். என் கணவர் காலமாகிவிட்டார். புணேயில் இருக்கும் மகள் என்னிடம் ஹிந்தியில்தான் பேசுவாள். வாயாரத் தமிழ் பேச எனக்கு இருந்தது அந்த ஒரு போன்தான்.

குப்தா சார் விடவில்லை. “செக் திரும்பினா கனெக்‌ஷன் கட். இனிமே அவங்க செக்கே வேண்டாம். ஆன்லைனுக்கு மாத்துங்க, ஜல்தி!”

அன்றே போன் செய்தேன்.

“செக்குல எதுக்கு அக்கா மஞ்சள் வச்சீங்க?”

“இந்த வீட்ல இருந்து வேற கடுதாசி எங்க போவுது, தாயி? யாருக்குப் பத்திரிகை வைக்கப் போறேன்? தபால்ல போடுதது இது ஒண்ணுதான். நல்லபடியா போய்ச் சேரட்டுமேன்னு உள்ளயும் தொட்டு வச்சேன்.”

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன் அக்கா” என்றேன்.

சொன்னபடியே போனேன். அதுவரை நேரில் பார்த்ததில்லை. கணீரென்ற குரலுக்குப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, என் தோளுயரம்தான் இருந்தார். தேங்காய்ப்பாலில் நம்ம ஊர்ச் சொதி வைத்திருந்தார். சாப்பிட்டபின் அவருடைய போனில் ஆப் இறக்கி, பாங்க் கணக்கை இணைத்து, அந்த மாத பில்லைக் கட்டி, ஆட்டோ-பே போட்டுக் கொடுத்தேன்.

“இனி நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் வேண்டாம் அக்கா. தானா போயிரும்.”

“ஒண்ணுமேயா?” என்று கேட்டார். மாதாமாதம் கவரில் ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டிவரை நடந்து, வழியில் காய்கறி விற்கும் பையாவிடம் நாலு வார்த்தை வாயாடிவிட்டு வருவார். அதற்கெல்லாம் இனி வேலை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குப்தா சார் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அடுத்த மாதம் கவர் வரவில்லை. ஸ்கிரீனில் அக்காவின் பெயருக்கு நேரே ‘பெய்டு’ என்று இருந்தது. போன் செய்ய ஒரு சாக்கும் இல்லை. மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கூப்பிட்டேன்.

“என்ன தாயி, பணம் போகலையா? கரண்டைக் கட் பண்ணப் போறாவளா?”

“எல்லாம் போயிட்டு அக்கா.”

“பின்ன எதுக்குக் கூப்பிட்ட?”

“சும்மாதான். உங்ககூடப் பேசணும்போல இருந்துச்சு.”

“ஆபீஸ் நேரத்துலயா? உனக்கு வேலை கெடக்கும்லா?”

மேசையைப் பார்த்தேன். எல்லோரும் ஆன்லைனுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்; அன்று பிரிப்பதற்கு ஒரு கவர்கூட இல்லை.

“இல்லக்கா” என்றேன்.

அந்த வருஷமே தபால் பிரிவை மூடினார்கள். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பேச ஆசைப்பட்ட ஆளிடம் பில்லைச் சாக்கு வைத்துப் பேசாதீர்கள். பில் கட்டி முடிந்ததும் பேச்சும் நின்றுவிடும். பேசணும்போல இருக்கிறது என்றே சொல்லிக் கூப்பிடுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு சர்வீஸே ஆயிற்று.