வால் நறுக்கிய ஆவாரை

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் இரும்பு கேட் என்றால் இளங்கோவன்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பொம்மசந்திராவில் வெல்டிங் கூலியாக நுழைந்து, சொந்தப் பட்டறை போட்டு, சொந்த மனையில் வீடும் கட்டினார். யார் தயவிலும் அல்ல. இதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சொன்னால்தான் என்ன, பொய்யா?

வாசலோரம் ஆவாரஞ்செடி வளர்த்ததும் அந்த வீம்பில்தான்.

"காட்டுச் செடிங்க அது. வூட்ல வருமா?" என்றாள் மனைவி யசோதா.

விதையின் தோல் கெட்டி. பட்டறை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வீடு கட்டி மிஞ்சிய ஜல்லியும் செம்மண்ணும் கலந்து ஊன்றினார். செடி வேர் பிடித்த பிறகும் யசோதா குடத்தோடு வந்தால் விரட்டுவார். "ஊத்துனா அழுவிடும். காயப் போடு, தானா பூக்கும்." பூத்து ஓய்ந்ததும் கிளைகளை அளவாக வெட்டிவிடுவார். இந்த மார்கழியில் செடி ஆளுயரம் நின்று மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டியது.

சும்மா இருப்பாரா? போகியன்று வாசலில் காப்புக் கட்ட ஆவாரம்பூ தெரு முழுக்கத் தன் வீட்டிலிருந்துதான் என்று பக்கத்து வீட்டு நாகேஷிடம் கன்னடத்தில் வாக்குக் கொடுத்தார். தமிழ்ச் சொல்லின் வாலை நறுக்கினால் கன்னடமாகிவிடும் என்பது அவர் கண்ட இலக்கணம். ஆவாரம் என்பதை 'அவரே' என்று சொல்லிவிட்டார்.

போகியன்று காலையில் நாகேஷின் மனைவி மமதா பெரிய பையோடு வந்தாள். பின்னால் தெருப் பெண்கள், ஆளுக்கொரு பை.

இளங்கோவன் பூங்கொத்தை நீட்டினார்.

"இதென்ன அங்கிள், ஹூவு கொடுக்கிறீங்க? அவரேகாய் எங்கே? உங்களை நம்பி யாரும் கடையில வாங்கல. குழம்புக்கு மசாலாகூட அரைச்சாச்சு!"

கன்னடத்தில் அவரே என்றால் மொச்சை. தைப் பிறப்புக்கு அது இல்லாத வீடு பெங்களூரில் ஏது?

யசோதா வாயைப் பொத்திக்கொண்டாள். "வாலை யாருங்க நறுக்கச் சொன்னது? இப்ப தெருவே சிரிக்குது."

இளங்கோவனுக்கு முகம் சுண்டியது. வாக்குக் கொடுத்துவிட்டுக் கையை விரிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தார். சந்தையிலிருந்து மொச்சை மூட்டையோடு திரும்பி, மமதா வீட்டுப் படியில் இறக்கினார்.

"எல்லாரும் அள்ளிக்குங்கம்மா. நம்ம வூட்டு அவரே."

"உங்க வூட்டுதா அங்கிள்?"

"நான் வாங்கினது யார் வூட்டுது?" என்றவர், பூங்கொத்தை அவள் கேட்டில் தானே கட்டிவிட்டு, மிச்சப் பூவோடு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.