குவளைக்குள் கல்

அத்தாயி கூழாங்கல் கழுவிக்கொண்டிருக்கிறாள். நெல்லிக்காய் அளவுக் கல். அடுப்புச் சாம்பல் தொட்டுத் தேய்த்து, ஓடைத் தண்ணீரில் அலசி, வெந்நீரில் ஒருமுறை போட்டெடுத்து, முந்தானையில் துடைக்கிறாள். பிள்ளைக்குப் பாலடை கழுவுகிறவள்கூட இத்தனை பாடுபடமாட்டாள். "வாய்க்குப் போற சமாச்சாரமில்லீங்களா" என்கிறாள், யாரும் கேட்காமலே.

கல் வாய்க்குப் போவதில்லை. அவள் புருஷன் வேலப்பனின் மூங்கில் குவளைக்குள் போகும். குவளையின் அடியில் ஏற்கெனவே இதுபோலக் கற்கள் கிடக்கின்றன. அவற்றின் மேல் சாராயம். குவளை எப்போதும் தளும்பத்தான் நிற்கும். கல் கூடக் கூட உள்ளே இருக்கும் சாராயம் குறையும். மலைமேல் வாழவந்தி நாட்டில் இவளைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத ஏற்பாடு.

அத்தாயிக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பில் கழுத்து மட்டும் தடித்தது. அத்தனை வாழைத்தார் அந்தத் தலைமேல் அடிவாரம் இறங்கியிருக்கிறது. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். "மூஞ்சியில என்னத்தைங்க தெரியுது? இவரு மூஞ்சியப் பாத்து நான் ஏமாந்தது போதும்."

வேலப்பன் மிளகு மூட்டை சுமந்தவன். சில வருஷங்களுக்கு முன், மழைநாளில், அவனுக்கு முன்னால் நடந்த கூட்டாளி பாறை வழுக்கிப் பள்ளத்தில் போனதைப் பார்த்தான். அன்றிலிருந்து இறக்கத்தில் கால் வைத்தால் நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். அடிவாரச் சந்தையில் ஒரு மருந்துக்காரன் அதற்கென்று வெள்ளை மாத்திரை கொடுத்தான். மாத்திரை போதாத நாளில் சாராயம் சேர்ந்தது. பிறகு மாத்திரை போதுகிற நாளிலும் சேர்ந்தது.

அண்ணன் அர்த்தனாரிதான் அவனைப் பிடரியில் கை வைத்துப் பெரியசாமி கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனவர். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிக் குடியும் இல்லை, மாத்திரையும் இல்லை என்று வேலப்பன் சத்தியம் செய்தான். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தான். வினையே அதுதான். இரண்டு மூன்று நாளில் சாமை அடிக்கிற களத்தில் கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரையோடு விழுந்தான். திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான், சாமி அடித்துவிட்டது என்றது ஊர்.

கம்பளியில் தூளி கட்டி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். டாக்டர் நேர்மாறாகச் சொன்னார். இரண்டையும் ஒரே நாளில் அடியோடு நிறுத்தியதால் வந்த வலிப்பு. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் ஆள் மிஞ்சமாட்டான். படுக்கவைத்து வைத்தியம் பார்க்கிறேன் என்றார். கீழ்நாட்டுப் புழுக்கம் தாங்கவில்லை என்று வேலப்பன் சில நாளில் எழுந்து மலையேறிவிட்டான். ஏறியதும் குவளையை எடுத்தான்.

அத்தாயி மட்டும் திரும்ப இறங்கிப் போய் டாக்டர் முன்னால் நின்றாள். அவர் திட்டிவிட்டுச் சொன்னார்: முதலில் ஒன்றை, மெள்ள மெள்ள, அது முடிந்த பிறகு மற்றதை, அதையும் மெள்ள. இரண்டும் ஒருசேர உள்ளே போனால் மூச்சு அடங்கிவிடும். வாராவாரம் ஆளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். சாராயம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மதுவிலக்கு இருக்கும்போது சர்க்கார் டாக்டர் வேறென்ன செய்வார்? "அந்தத் தண்ணி" என்றார்.

குறைத்து ஊற்றினால் குவளையைப் பார்த்ததுமே வேலப்பனுக்கு நடுக்கம் எடுக்கும். அதற்குத்தான் கல். முதல் நாளே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"கல்லு கெடக்குதா புள்ள?"

"ஆமாங்க."

"செரி. தளும்ப இருக்குதில்ல." குடித்தான்.

செம்மேட்டுச் சந்தை நாளில்தான் புதுக் கல் சேரும். அதற்கு முன் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். நடுங்கினால் அந்த வாரம் கல் கிடையாது. குவளை பகலோடு சரி. மாத்திரை டப்பா சாமைப் பானைக்குள் அவள் கை மட்டும் எட்டுகிற ஆழத்தில் இருக்கிறது. ராத்திரி அவள் எடுத்துத் தந்தால்தான் உண்டு. "அதைக் கொறைக்க இப்ப அவசரமில்லீங்க. ஒத்தையடித் தடத்துல ஒரு ஆளு எறங்குன பொறவுதானே அடுத்த ஆளு."

சாராயத்துக்கு மட்டும் அதைக் காய்ச்சுகிற மாரியிடம் போயாக வேண்டும். போன வருஷம் மாரியின் ஊறல் பானையை அரிவாள் பிடியால் உடைத்தவள் இவள்தான். அவன் அதை மறந்தால்தானே.

"என்னக்கா, பானைய ஒடைச்ச கையி இப்பப் போசிய நீட்டுது. ஊட்ல கடை வெச்சுட்டியாமா?"

"ஆமா. ஒரே ஆளுக்குத்தான் கடை. அந்த ஆளும் கொஞ்ச நாள்ல வரமாட்டாரு. ஊத்து."

பெரியசாமியிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டாள். "சத்தியம் சத்தியந்தான் சாமி. இல்லீன்னு சொல்லல. வந்துக்கிட்டுத்தான் இருக்கறாரு. குதிச்சு வரச் சொல்லாதே."

அர்த்தனாரியிடம் இந்தப் பேச்சு செல்லாது. சத்தியம் செய்தவன் வீட்டில் சாராயம் இருக்கிறதென்று அவர் இங்கே தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கழுவிய கல் காய்வதற்குள் இன்று வந்துவிட்டார். கோயில் நோம்பி நெருங்குகிறது. சாமி தூக்கும் தோள் காலங்காலமாக இந்த வீட்டுத் தோள்.

குவளையை எட்டிப் பார்த்தார். "கல்லுதான் ரொம்பிப் போச்சே. இன்னும் என்னடா வேலா, ஒரு வாய்த் தண்ணி? அதையும் மாத்திரையையும் இன்னைக்கே வீசியெறி. சுத்தமா வந்து சாமியத் தூக்கு. முடியலீன்னா சொல்லிப்போடு, எம்பையன் தூக்கட்டும்."

வேலப்பன் அண்ணனைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"போடு புள்ள. இன்னிக்கு ரெண்டு கல்லாப் போடு. நான் நல்லாத்தான் இருக்கறேன்."

குவளையை அவள் பக்கம் நீட்டினான். விளிம்பில் சாராயம் சிறுசிறு வளையமாக அசைந்தது. ஒரு சொட்டு அவன் கட்டைவிரலில் வழிந்தது. உள்ளே கற்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொண்டன.

"நோம்பிக்குள்ள முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு அத்தாயி" என்றார் அர்த்தனாரி.

அத்தாயி கையில் வைத்திருந்த கல்லை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேலப்பனின் கையைப் பிடித்துக் குவளையை நேராக்கினாள். வெயிலில் கிடந்த மிளகைக் கிளறிவிட வெளியே போனாள்.