கடன் வாங்கிய மேசை

அமெரிக்காவின் டலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில், மாதத்தின் முதல் ஞாயிறன்று கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களின் சங்கம் கூடும். மூன்று வருடமாக டெல்ஃபா ஓஸ்ட்பி அங்கே கதவோரம் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்துவந்தாள். வயது எழுபத்துநாலு. இருபத்தேழு வருடம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அதில் வலது தோள் போனது. கடவுள் போனது அதற்கும் முன்னால், பதினாறு வயதில், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல்.

சங்கத்தில் மற்றவர்கள் இடதுசாரிகள். டெல்ஃபா பழைமைவாதி. கல்யாணம், குடும்பம், கடமை என்ற கட்டுகளை அவிழ்த்துவிட்டால் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க யாரும் வருவதில்லை என்பது அவள் கண்ணால் கண்டது. இதை ஒத்துக்கொள்ளக் கடவுள் தேவையில்லை என்று துண்டறிக்கை அச்சடித்து வைத்திருந்தாள். இதுவரை எடுத்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் காபிக் கோப்பைக்கு அடியில் வைக்க எடுத்தார்கள்.

ஜனவரியில் அவள் மேசையின் கால் முறிந்தது. பிப்ரவரிக் கூட்டத்துக்குப் பக்கத்து லூத்தரன் தேவாலயத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். கால்களை விரிக்கக் கவிழ்த்தபோது அடிப்பலகையில் தேவாலயத்தின் பெயர் கறுப்பு மையில் பெரிதாகத் தெரிந்தது. ஆளுக்கொரு பதார்த்தமாகக் கொண்டுவந்த சாப்பாடு முடிவதற்குள் செய்தி அறை முழுக்கப் பரவிவிட்டது. டெல்ஃபாவின் மேசை இனி வேண்டுமா என்று வாக்கெடுக்கச் சொன்னார்கள்.

பள்ளியில் இயற்பியல் நடத்தும் ராட்னி குவாம் எழுந்தார். மூன்று வருடமும் அவளோடு வாதாடியவர் அவர்தான்.

"சர்ச்சுதான் உங்கள அனுப்புதா, டெல்ஃபா?"

"இந்த ஊர்ல மேசை வேணும்னா வேற எங்க கேக்கறது? உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நாற்காலி எங்கேந்து வந்துச்சு, ராட்னி?"

சிலர் சிரித்தார்கள். ராட்னியும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "நீங்க சொல்ற கடமை எல்லாம் கடைசில பொம்பளைங்க தலைலதான் விழும். அரசாங்கம் ஒழுங்கா சம்பளம் குடுத்தா பாத்துக்க ஆள் வருவாங்க."

அதில் பாதி உண்மை என்று அவள் தோளுக்குத் தெரியும். "சம்பளத்துக்கு வந்தவதான் நானும். குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன். அவங்க வாசலையே பாத்துக்கிட்டு கெடப்பாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?"

வாக்கெடுப்பில் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று பத்தொன்பது, இருக்கட்டும் என்று எட்டு. ராட்னியின் கை பத்தொன்பதில் இருந்தது. டெல்ஃபாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அசதிதான் வந்தது.

ஒற்றைத் தோளோடு மேசையைத் தூக்கப் போனபோது மறுமுனையை ராட்னி பிடித்தார். பனியில் வழுக்காமல் இருவரும் தேவாலயத்தின் பின்வாசல் வரை சுமந்தார்கள். உள்ளே மற்ற மேசைகளோடு அதைச் சாய்த்து வைத்தார்கள். ராட்னி கிளம்பவில்லை.

"நீங்க வேலை பாத்த இல்லத்துலதான் எங்கம்மா இருக்காங்க. ரெண்டு வாரமா சாப்பாட்டைத் துப்பறாங்க. அங்க இருக்கறவங்க சொல்லித்தான் தெரியும்."

டெல்ஃபாவின் பையில் துண்டறிக்கை கட்டுக் கட்டாக இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

"நின்னுக்கிட்டு ஊட்டாதீங்க. அவங்க கண்ணுக்கு நேரா உக்காருங்க. ஸ்பூன்ல பாதி போதும். முழுங்கிட்டாங்களான்னு பாத்துட்டு அடுத்தது. ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரமா?"

"ஆமா. தினமும்."

ராட்னி கையுறையை மாட்டிக்கொண்டே, இல்லத்தில் மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொன்றரைக்கு என்றாள் டெல்ஃபா.